பேருவகை: ஒரு சொல்லும் மடுத் திருநாளும்

மன்னார் மறைமாவட்டத்தின் மருதமடுத் திருத்தலத்தில் ஆண்டுதோறும் யூலை 2ஆம் நாள் கொண்டாடப்படும் திருவிழா, கருவுற்றிருந்த மரியாள் தம் உறவினரான எலிசபெத்தைக் காணச் சென்றதை நினைவுகூரும் பழைய நாளில் அமைந்தது. அச்சந்திப்பில் எலிசபெத்தின் வயிற்றிலிருந்த குழந்தை துள்ளியதையும், மரியாள் இறைவனைப் புகழ்ந்து பாடியதையும் லூக்கா நற்செய்தி கூறுகிறது. இவ்விரு இடங்களிலும் கிரேக்க மூலத்தில் 'அகல்லியாசிஸ்' என்னும் சொல்லோ அதன் வினையோ வருகிறது. உள்ளத்தில் அடங்காமல் உடலிலும் குரலிலும் பொங்கி வெளிப்படும் மகிழ்ச்சியைக் குறிக்கும் அதனைத் தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பு 'பேருவகை' என்கிறது.

பழைய புரட்டஸ்தாந்த மொழிபெயர்ப்பு மரியாளின் பாடலில் 'களிகூர்தல்' என்னும் சொல்லை ஆண்டது. களி என்பது கள்ளோடு உறவுடைய சொல். முதலில் வெறியையும் பின்னர் மகிழ்ச்சியையும் குறித்தது. பனங்கள்ளை அறிந்த மன்னார்க் கரைக்கு இவ்வுறவை விளக்க வேண்டியதில்லை. மயக்கத்தின் சொல்லை வழிபாட்டுக்கு எடுத்ததில் இழுக்கு எதுவுமில்லை. தன்வசம் இழத்தல் இரண்டுக்கும் பொதுவானது.

உவகை வேறு மரபிலிருந்து வருகிறது. உள்ளத்து உணர்ச்சி உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்று அழைத்து, அதனை எட்டாக வகுத்த தொல்காப்பியம், உவகையை அவற்றுள் இறுதியாக வைத்து, செல்வம், புலன் எனப்படும் அறிவு, காதலரின் புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கும் அதன் நிலைக்களன்கள் என்றது. அல்லல் நீங்கியது என்பதையே அதற்கு அடைமொழியாகவும் தந்தது. மரியாளின் பாடலிலோ இந்நான்கில் ஒன்றுமில்லை. தாழ்நிலையில் இருந்த ஒரு பெண், தாழ்ந்தோரை உயர்த்தும் இறைவனை எண்ணி மகிழ்கிறார். ஆகவே 'பேர்' என்னும் அடை உவகையின் அளவை மட்டும் கூட்டவில்லை, அதன் காரணத்தையே மாற்றுகிறது. அல்லல் நீங்கியபின் வருவது உவகை, அல்லலின் நடுவே வருவது பேருவகை எனலாம். சைவர் இன்பத்தைப் பேரின்பமாக்கியதும் இவ்வாறே: பொருளாலும் புலன்களாலும் வருவதன்று, திருவருளால் வருவது என்பதே அங்கும் வேறுபாடு. மன்னாரிலேயே இதற்குச் சான்று உண்டு: சம்பந்தரும் சுந்தரரும் பாடிய சிவன் கோவிலான திருக்கேதீச்சரம், போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு நெடுங்காலம் மறைந்து கிடந்தும், அடியாரின் நெஞ்சிலிருந்து மறையவில்லை.

அக்கோவில் நின்ற மாந்தைப் பகுதியிலிருந்துதான், ஒல்லாந்தரின் கெடுபிடிக்கு அஞ்சிய கத்தோலிக்கர் 1670இல் மாதா சுரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் சென்றனர் என்பது மடுவின் மரபு. போர்க்காலத்தில், 1999 நவம்பரில், மடுத் திருத்தல வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தோர் பலர் எறிகணை வீச்சில் மாண்டனர். 2008 ஏப்ரலில் சுரூபம் மீண்டும் இடம்பெயர்ந்து, அவ்வாண்டு ஓகஸ்டில் திரும்பியது. இத்தகைய மக்களின் திருநாளுக்குத் தொல்காப்பியத்தின் நான்கு நிலைக்களன்கள் போதா. உரோமைத் திருச்சபை 1969இல் மரியாள் எலிசபெத்தைச் சந்தித்த விழாவை மே 31க்கு மாற்றிய பின்னரும், மடுவில் யூலை 2 மாறவில்லை.