பர்கண்டியின் மாட்டிறைச்சி

பிரான்ஸ் தேசத்துப் பர்கண்டிப் பிரதேசத்திலே, உழைத்து முறுகிய தோள், கால் முதலான பாகங்களின் மாட்டிறைச்சியை, வெங்காயமும் காளானும் சேர்த்து, அவ்வூர்ச் சிவப்புத் திராட்சை மதுவில் அமிழ்த்தி, மூடிய கனத்த பாத்திரத்தில் மந்தமான தீயில் சுமார் 3 மணி நேரம் வேகவிடுவது சம்பிரதாயம். மதுவே மாமிசத்தை மிருதுவாக்குகிறது என்று பலர் நம்புகிறார்கள், விஷயம் அதுவன்று. தசையைப் பிணைத்து நிற்கும் கொலாஜன் என்னும் கடினமான வஸ்து, 70 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட ஈரமான உஷ்ணத்திலே மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாகி, இறைச்சியை நெகிழ வைப்பதோடு குழம்புக்கும் ஒரு கொழுமையைத் தருகிறது. அவசரப்பட்டுத் தளதளவென்று கொதிக்க விட்டாலோ, தசை இறுகிச் சாறு வெளியேறிச் சக்கையே மிஞ்சும். மதுவின் பங்கு ருசியும் நிறமும் இளம்புளிப்புமே. (அதற்கு விலையுயர்ந்த மது வேண்டுமென்பது வெறும் டம்பம்.) சமைத்த அன்றைவிட, மறுநாள் நிதானமாகச் சூடாக்கி உண்பதே உத்தமம்.