கணக்குக் கேட்பது குற்றமா?



பிள்ளையின் கையில் நூறு ரூபாயைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால், திரும்பி வந்ததும் மீதி எவ்வளவு என்று கேட்கிறோம். பிள்ளை கோபித்துக்கொள்வதில்லை. அதே கேள்வியைப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்; "என்னை நம்பவில்லையா?" என்பார். அப்படியானால் கணக்குக் கேட்பது சந்தேகப்படுவதுதானா? சந்தேகம் பிறர்சிநேகத்துக்கு விரோதமல்லவா? அரசாங்கம் ஏழைகளுக்குக் கட்டித்தரும் வீடுகளை வைத்து இதை ஆலோசிப்போம்.

சென்னை புளியந்தோப்பில் கேசவப்பிள்ளை பூங்கா என்னுமிடத்தில் குடிசை மாற்று வாரியம் அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. 2021-ம் வருஷம் ஆகஸ்ட் மாதம், அங்கே குடியேறிய குடும்பத்தார் விரலால் சுரண்டினாலே சுவர்ப்பூச்சு உதிர்வதை ஊரறியக் காட்டினார்கள். அதற்குப் பிறகே சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களைக்கொண்டு கட்டடம் சோதிக்கப்பட்டது. (அந்த வாரியத்துக்கு இன்று நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர்.) யோசித்துப் பாருங்கள்: வாரியத்துக்குப் பொறியாளர்கள் இல்லையா, அளவுப் புத்தகம் இல்லையா? எல்லாம் இருந்தன. குறையை ஊருக்குச் சொன்னதோ, அந்தச் சுவரோரம் பாய் விரித்துப் படுத்தவர்களின் விரல்கள்.

கட்டுகிறவரே சரிபார்க்கிறவராகவும் இருந்தால் இப்படித்தான் ஆகும். பால் சொசைட்டியில் பால் ஊற்றுகிறவர் கையிலேயே சோதனைக் கருவியைக் கொடுப்பதில்லை, அவர் எவ்வளவு யோக்கியராயிருந்தாலும்.

நமது அரசியல் சாசனம் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதவியை இதற்காகவே தனியாக வைத்திருக்கிறது. சுப்ரீம் கோர்ட் நீதிபதியை நீக்கும் முறையிலன்றி அவரை நீக்க முடியாது. ஓய்வுக்குப்பின் அவர் அரசாங்கத்தில் வேறு உத்தியோகம் ஏற்கவும் கூடாது. பயம் வரும் வாசல், ஆசை வரும் வாசல் இரண்டையும் அடைத்துவிட்டார்கள்.

அர்ச். சின்னப்பர் ஜெருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்தபோது, அந்தப் பணத்துக்குத் தாம் ஒருவரே பொறுப்பாக நிற்கச் சம்மதிக்கவில்லை. சபைகள் தெரிந்தெடுத்தவரை உடன் வைத்துக்கொண்டார். கவனியுங்கள்: தாம் தெரிந்தெடுத்தவரை அல்ல. அப்போஸ்தலருக்கே அது அவமானமாகப் படவில்லை.

தணிக்கை என்று சொல்லித் தவணைப் பணத்தை மாதக்கணக்கில் நிறுத்திவைத்து, ஒரு குடும்பத்தைத் தார்ப்பாயின் கீழ் மழைக்காலம் கழிக்க விடுவதும் அநீதிதான், அதை மறுக்கவில்லை. காகிதத்தை மட்டும் பார்க்கும் தணிக்கையாலும் பிரயோசனம் சொற்பம். கிராமங்களுக்கான பிரதம மந்திரி வீட்டுத் திட்டத்தில் கட்டத்துக்குக் கட்டம் போட்டோ எடுக்கிறார்கள். சுவர் எழும்பியதைப் போட்டோ காட்டும். கலவையில் சிமெண்டு எவ்வளவு என்று காட்டுமா?

ஆகையால் அந்தத் திட்டத்தின் விதிகள், ஒவ்வோர் ஊராட்சியிலும் வருஷத்துக்கு ஒருமுறையாவது சமூகத் தணிக்கை நடக்கவேண்டுமென்கின்றன. வீட்டுக்காரரையும் விசாரித்து, கண்டதைக் கிராம சபையில் எல்லாருக்கும் முன்பாக வாசிக்கவேண்டும். மலையைச் சுற்றியுள்ள நம் ஊர்ப்புறங்களில் இது லேசான காரியமல்ல. கேள்வி கேட்கப்படுகிறவர் மாமன் முறையாயிருப்பார், அல்லது நாளைக்கு ஒரு கையெழுத்துக்காக நாம் போய் நிற்கவேண்டியவராயிருப்பார். அந்தச் சபையில் ஒரு விதவை எழுந்து, "முடிந்த வீடு என்று வாசிக்கிறீர்கள் ஐயா, எனக்கு இன்னும் கூரை போடவில்லை" என்று சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாம் அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொல்வோமா, அல்லது அவளோடு எழுந்து நிற்போமா?