இல்லாததைக் காணும் கண்

ஒரு டாக்கர் இமேஜ் பில்ட் பாதியில் நின்றால் கையில் எஞ்சுவது லாக்கின் சில வரிகள். இப்படி வரிகளை நம்பி அறிவதைச் சைவ சித்தாந்தம் உரை என்னும். பிறர் சொல்லக் கேட்டறிவது. அவ்வரிகளிலிருந்து காரணத்தை ஊகிப்பது கருதல், கண்டெய்னருக்குள் ஷெல் திறந்து பார்ப்பது காண்டல். 13ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அபாவம் (இல்லாமை) முதலான மற்ற அளவைகளையும், அதாவது அறியும் வழிகளையும், எண்ணிவிட்டு, எல்லாம் இம்மூன்றில் அடங்கும் என்றார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டால் மற்ற இரண்டும் வேண்டாம் என்று நிரலாளர்கள் நம்புவதுண்டு. அந்த நம்பிக்கை பிழை என்பேன்.

ஆல்பைன் லினக்ஸ் மீது எழும் பில்ட் ஒன்று, ஸ்கிரிப்ட் கிடைக்கவில்லை என்று சொல்லி 127 என்ற எண்ணோடு நிற்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் ஸ்கிரிப்ட் அதன் இடத்திலேயே இருக்கிறது, இயக்கும் அனுமதியும் இருக்கிறது. லாக் பொய் சொல்லவில்லை. ஸ்கிரிப்ட்டின் முதல் வரி பேஷ் ஷெல்லைக் கேட்கிறது. ஆல்பைனின் அடிப்படை இமேஜில் பேஷ் கிடையாது, பிஸிபாக்ஸ் ஷெல்தான் உண்டு. கோப்பே இல்லாவிட்டாலும், அதை இயக்கவேண்டிய நிரல் இல்லாவிட்டாலும் லினக்ஸ் கர்னல் தருவது ஒரே பிழை. 'இல்லை' என்றது மெய். எது இல்லை என்பதில்தான் கேட்டவர் தவறினார். இல்லாமையைக் கண் காணுமா என்பது பழைய வழக்கு. நையாயிகர் அது காண்டலிலேயே அடங்கும் என்றனர். பாட்ட மீமாம்சகர் அதற்குத் தனி அளவை வேண்டும் என்றனர். பேஷ் கண்டெய்னரில் இருந்தாக வேண்டும் என்று கருதாதவர் கண்ணுக்கு அதன் நிரல் அடைவு வேறு நிரல்களின் பட்டியல் மட்டுமே. கருதியவருக்கே குறை தெரிகிறது.

அப்படியானால் வெளியிலிருந்தே முதல் வரியைப் படித்தால் போதாதா? போதும், எந்த வரியைப் படிப்பது என்று தெரிந்திருந்தால். கோப்பு இருப்பதைக் கண்ட பிறகே ஐயம் ஸ்கிரிப்டை நகலெடுக்கும் கட்டளையை விட்டு முதல் வரிக்குத் திரும்புகிறது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்றுண்டு: நாம் நுழைவது தோற்ற கணத்துக்குள் அல்ல. பழைய டாக்கர் பில்டர், வென்ற படி ஒவ்வொன்றையும் ஓர் இமேஜாக விட்டுவைத்தது. அதைத் திறந்தவர் தோல்விக்கு ஒரு படி முன்னால் நின்றார். 2023இல் லினக்ஸ் டாக்கரில் இயல்பாகிவிட்ட பில்ட்கிட் அதையும் வைப்பதில்லை. முந்தைய கட்டத்தோடு பில்டை நிறுத்தி அங்கிருந்து நுழைய வேண்டும். தவிரவும், பில்டில் கட்டளை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல யாருமில்லை, ஷெல்லில் நாம் இருக்கிறோம். இந்த மறுப்பை ஏற்கிறேன். அதனால்தான் சும்மா சுற்றிப் பார்ப்பது காண்டல் ஆகாது. நின்ற அதே கட்டளையை உள்ளே மறுபடி ஓட்டி, அதே 127 கண்முன் வரவேண்டும். பேஷை நிறுவி ஓட்டும்போது அது மறைய வேண்டும். நிறுவிய பேஷ் அந்தக் கண்டெய்னரோடு போய்விடும். டாக்கர்ஃபைலில் ஒரு வரியாக எழுதினால்தான் அடுத்த பில்டுக்கு அது உண்டு.