பழுதைச் சொல்லி விற்போம்



வடக்குத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து எல்லோரும் கலைந்து சென்ற பின்பும் ஓர் இளைஞர் மட்டும் பள்ளியின் ஹவுள் ஓரத்தில் நின்று கொண்டிருந்தார். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் ஏற்றி இறக்கும் சிறிய சரக்கு வண்டி ஒன்று அவருக்கு இருக்கிறது. வீட்டில் ஐந்து பேர் அந்த வண்டியை நம்பி இருக்கிறார்கள்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றார்.

வண்டியின் முன் ஆக்சில் வளைந்து விட்டது. புதியது வாங்க வசதியில்லை. புரோக்கர் ஒருவர் மூலம் வெளியூர் சென்று 12,000 ரூபாய்க்குப் பழைய ஆக்சில் ஒன்றை வாங்கி வந்தார். கறுப்புப் பெயிண்டு அடித்துப் பளபளவென்று இருந்தது. மாட்டுவதற்கு முன் மெக்கானிக் சந்தேகப்பட்டுப் பெயிண்டைச் சுரண்டினார். ஸ்பிரிங் உட்காரும் இடத்தருகே விரிசல் விட்டிருந்ததை வெல்டிங் வைத்து மூடி, தேய்த்துச் சமப்படுத்தி, அதன் மேல் பெயிண்டு பூசியிருந்தது தெரிந்தது. விற்றவரிடம் போய்க் கேட்டதற்கு, "பழைய சாமான் தானே, பார்த்துத்தானே எடுத்தீர்கள்?" என்று கையை விரித்து விட்டார். இப்போது அதே புரோக்கர் ஒரு வழி சொல்கிறார். மறுபடி பெயிண்டு அடித்து இன்னொருவருக்குத் தள்ளி விடலாமாம். வாங்குவதற்கு ஆளும் தயாராம்.

"நானும் ஏமாந்துதானே வாங்கினேன், ஹஜ்ரத்? போன என் பணத்தைத்தானே எடுக்கிறேன்? இது கூடுமா?"

"கூடாது, தம்பி" என்றேன். அவர் முகம் வாடி விட்டது. வாடத்தானே செய்யும்? 12,000 ரூபாய் அவருக்குச் சிறிய தொகையன்று. ஆகவே ஏன் கூடாது என்பதை அவருக்குச் சொன்னேன். நம் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கும் எழுதுகிறேன்.

வண்டியின் முன்பாரம் முழுவதும் அந்த ஆக்சிலின் மீதே நிற்கிறது. பிரேக் போடும்போது வருகிற முறுக்கையும் அதுவே தாங்குகிறது. பாரம் ஏற்றிய வண்டி ஓடும்போது அது முறிந்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. ஓட்டுபவர் மட்டுமா ஆபத்தில் இருக்கிறார்? எதிரே மொபெட்டில் மனைவி மக்களை ஏற்றிக் கொண்டு வருபவரும் அதே ஆபத்தில்தான் இருக்கிறார். மறைத்து விற்ற வெல்டிங் என்பது பணத்தோடு முடிகிற விஷயமில்லை, உயிரோடு விளையாடுவது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கண்டார்கள். அதனுள் கையை விட்டபோது விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்து விட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. அங்கே காய்ந்த தானியத்துக்குக் கீழே ஈரம். இங்கே பெயிண்டுக்குக் கீழே விரிசல். வேறு வித்தியாசம் என்ன?

இன்னொரு சம்பவத்தைக் கேளுங்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னதில் இது பதிவாகியிருக்கிறது. நபித்தோழர் வாஸிலா இப்னு அஸ்கஃ (ரலி) அவர்களின் இல்லத்திலிருந்து ஒருவர் ஒட்டகம் ஒன்றை வாங்கிக் கொண்டு புறப்பட்டார். வாஸிலா (ரலி) அவர்கள் விரைந்து பின்னால் வந்து, இதன் குறையை உமக்குச் சொன்னார்களா என்று விசாரித்தார்கள். நன்றாகக் கொழுத்திருக்கிறதே, குறை என்ன இருக்கிறது என்றார் அவர். பயணத்துக்கா, இறைச்சிக்கா என்று கேட்டார்கள். ஹஜ்ஜுக்குப் போக என்றார். அப்படியானால் அதன் பாதத்தில் புண் துளை இருக்கிறது என்று அறிவித்து விட்டார்கள். என் வியாபாரத்தைக் கெடுக்கிறீர்களே என்று விற்றவர் முறையிட்டார். பொருளின் குறையைச் சொல்லாமல் விற்பது ஆகுமானதன்று, அறிந்தவர் அதைச் சொல்லாமல் இருப்பதும் ஆகுமானதன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறத் தாம் கேட்டதை வாஸிலா (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! உடல் கொழுத்திருந்தாலும் பாரத்தைத் தாங்கி நடக்க வேண்டிய பாதம் பழுது. அந்த ஒட்டகத்தின் பாதம்தான் இன்று நம் வண்டியின் முன் ஆக்சில். மேலும், பொறுப்பு விற்பவரோடு நின்று விடவில்லை. பழுதை அறிந்த புரோக்கருக்கும், பக்கத்துக் கடைக்காரருக்கும், சுரண்டிப் பார்த்த மெக்கானிக்குக்கும் அது உண்டு. "நமக்கென்ன" என்று இருந்து விட முடியாது.

இனி சட்டத்துக்கு வருவோம். வாங்கும் முன்பே இருந்து, வாங்கியவருக்குத் தெரியாமல், விலையைக் குறைக்கக்கூடிய பழுது பின்னர் வெளிப்பட்டால், பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற ஷரீஅத் உரிமை தந்திருக்கிறது. இதற்கு 'கியாருல் ஐப்' என்று பெயர். ஆனால் பழுது தெரிந்த பிறகும் மாட்டி ஓட்டினால் அதை ஒப்புக் கொண்டதாக ஆகிவிடும். ஆகவே தாமதிக்காமல் திருப்ப வேண்டும். "எந்தப் பழுதுக்கும் நான் பொறுப்பில்லை" என்று முன்கூட்டியே நிபந்தனை போட்டு விற்றால்? ஹனபி மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில், உயிரற்ற பொருளில் அது விற்றவரை விடுவிக்காது. ஆயினும் தெரிந்தே மறைத்த பாவத்தை எந்த மத்ஹபிலும் எந்த நிபந்தனையும் கழுவாது.

அந்த இளைஞருக்கு விற்றவர் மீது உரிமை இருக்கிறது. ஜமாஅத்தார் மூலம் பேசலாம். நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். ஆனால் அடுத்து வாங்க வருபவர் மீது அவருக்கு என்ன உரிமை? அந்த மனிதர் இவருக்கு ஒன்றும் செய்யவில்லையே! ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்பதைத் திருக்குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்துகிறது. 1956-ல் நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்ட பிறகு நாலா ஊர்களிலிருந்தும் மக்கள் வந்து சேர்ந்த வட்டாரம் இது. வாங்க வருபவர் முஸ்லிமாகவும் இருக்கலாம். மாற்று மதச் சகோதரராகவும் இருக்கலாம். மோசடி யாரிடமும் ஆகாது.

பழைய பொருள் விற்பது ஹலாலான தொழில். சென்னை புதுப்பேட்டையில் வண்டிகளின் பழைய பாகங்களை விற்று எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. வாங்குபவரும் கவனமாக இருக்க வேண்டும். புதுப் பெயிண்டு இருந்தால் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்குத் தூள் பூசினால், விரிசலில் புகுந்த எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். வளைந்ததை நெருப்பில் காய்ச்சி நிமிர்த்தியிருந்தால் இரும்பின் பலம் போயிருக்கும்; வேண்டாம். கிங் பின் ஆட்டம் பாருங்கள். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று கேட்டு, பில் வாங்குங்கள். தமக்குச் சொந்தமில்லாததை விற்க எவருக்கும் உரிமையில்லை.

வாங்குபவருக்கும் நேர்மை உண்டு. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரை பேசி முடிக்கப்பட்டது. அதன் மதிப்பு கூடுதல் என்று கண்ட அன்னார், தாமே விலையை ஏற்றி 800 திர்ஹம் கொடுத்தார்கள். எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்தவர்கள் அவர்கள்.

அந்த இளைஞர் என்ன செய்தார்? விற்றவர் கடைசி வரை இறங்கி வரவில்லை. இவர் அந்த ஆக்சிலை யாரும் மறுபடி மாட்ட முடியாதபடி இரண்டாக அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டார். 2,000 ரூபாய்கூடத் தேறவில்லை. மைத்துனரிடம் கடன் வாங்கி வேறொன்று மாட்டி ஓட்டுகிறார். கடன் இன்னும் தீரவில்லை. "நஷ்டம்தான் ஹஜ்ரத், ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறது" என்றார்.

சகோதரிகளே! வண்டி நம் வீட்டில் இல்லாமல் இருக்கலாம். பழைய கிரைண்டர், தையல் மெஷின், பால் மறந்த ஆடு, இவற்றை நாமும் விற்கிறோம். "மோட்டார் சூடாகும்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி விற்றால் 200 ரூபாய் குறையலாம். உண்மை சொல்லிக் குறையை விளக்கினால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, பொய் சொல்லி மறைத்தால் பரக்கத் அழிந்து விடும் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியை நினைவில் வையுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்குவாயாக! ஏமாந்தவர்களை ஏமாற்றுபவர்களாக ஆக்கி விடாதே! ஆமீன்.