அந்நியனாய் வந்தவன் அயலானாக வேண்டும்



பபிலோனுக்குச் சிறையாய்க் கொண்டுபோகப்பட்ட யூத ஜனங்களுக்கு எரேமியாஸ் தீர்க்கதரிசி ஒரு கடிதம் எழுதினார். அங்கே வீடு கட்டிக் குடியிருந்து, தோட்டம் போட்டு, அந்தப் பட்டணத்தின் நன்மைக்காகவும் வேண்டிக்கொள்ள வேண்டுமென்பதே அதன் சாரம். அதே பபிலோனில்தான் தானியேல் தீர்க்கதரிசி தினம் மூன்று வேளை ஜெருசலேமை நோக்கி முழந்தாளிட்டு ஜெபித்தார். வாழும் ஊரை நேசிப்பதும், கொண்டுவந்த விசுவாசத்தைக் காப்பதும் குடியேறியவனுக்குரிய இரு கடமைகள்.

நம் முன்னோர் இவ்விரண்டையும் செய்தார்கள். சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்த தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று ஓஃபிர் சாலையில் எழும்பிய லூர்து மாதா கோவில் 1888-ல் திறக்கப்பட்டது. இன்று அங்கே பல இனத்தாரும் ஒரே பீடத்தண்டை தேவநற்கருணை உட்கொள்கிறார்கள்.

1964-ல் இத்தீவில் இனக் கலவரத்தால் இரத்தம் சிந்தப்பட்டது. 1989 முதல், அடுக்குமாடி வீடுகளில் ஒரே இனத்தார் ஒரே புளோக்கில் குவியாதபடி அரசாங்கம் விகிதம் வகுத்திருக்கிறது. சட்டம் நம்மை அடுத்தடுத்த வீடுகளில் வைக்கும். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டச் செய்வது பிறர்சிநேகம் மாத்திரமே. சீனப் புத்தாண்டுக்கு இரண்டு ஆரஞ்சுப் பழம், நோன்புப் பெருநாளுக்கு ஒரு வாழ்த்து, புளோக்கின் கீழ்த்தளத்தில் துக்கம் நடந்தால் சற்று நேரம் உடனிருத்தல்: இவற்றால் நம் விசுவாசம் குறையாது.

இனி, சற்றுக் கசப்பான வார்த்தை. ஞாயிறு பூசையில் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கும் வாலிபரைப் பாருங்கள். கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். சீனருக்கும் மலாய்க்காரருக்கும் சிரித்த முகம் காட்டும் நம்மில் பலர், நம் பாஷை பேசும் இவர்களைக் காணாதவர்போல் வீடு திரும்புகிறார்கள். நம் பாட்டனார் எந்தக் கோலத்தில் கப்பலிலிருந்து இறங்கினார் என்பதை இவர்கள் ஞாபகப்படுத்துகிறார்கள் என்பதாலோ? எஜிப்து தேசத்தில் அந்நியராயிருந்ததை மறவாதபடி சர்வேசுரன் இஸ்ராயேலுக்குத் திரும்பத் திரும்பக் கட்டளையிட்டது இதற்காகவே அன்றோ?

ஆகையால், இன்று பூசை முடிந்ததும் அவர்களில் ஒருவரிடம் சென்று பெயர் கேளுங்கள். அடுத்த ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு அழையுங்கள். உங்கள் பிள்ளைகள் அவரோடு தமிழில் பேசட்டும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் மாத்திரம் இருந்த பாஷை அன்று வீட்டுக்குள் வரும். இராத்திரி ஜெபமாலையில், ஊரில் காத்திருக்கும் அவருடைய தாய்க்காக ஒரு அருள்நிறை மந்திரம் கூட்டிச் சொல்லுங்கள்.

அந்நியனை ஏற்றுக்கொண்டாயா என்பது நடுத்தீர்வையில் நம் ஆண்டவர் கேட்கப்போகும் கேள்விகளில் ஒன்று. எஜிப்துக்கு ஓடிப்போய்ப் பிற தேசத்தில் பிழைத்த திருக்குடும்பம் உங்கள் குடும்பங்களை ஆதரிப்பதாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு