அமீரின் மௌனம்

மூவர் பயணம் புறப்படின் ஒருவரை அமீராக்கிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். சோறு பங்கிடவும் தொழுகைக்கு எழுப்பவுமே அமீர் என்று நாமும் எண்ணியிருந்தோம்.

மதரஸா மாணவர்களோடு பழவேற்காடு ஏரிக்கரையில் இரவு தங்கினோம். விடிந்ததும் காற்று வலுத்தது. முகத்துவாரம் வரை செல்லப் படகோட்டி தயங்கினார், பிள்ளைகள் கெஞ்சினர். அவர்கள் முகம் வாடுமே என்று அமீராகிய நாம் வாளாவிருந்தோம். போனோம்; நலமே திரும்பினோம். எல்லோரும் அல்ஹம்து லில்லாஹ் என்றார்கள்.

2011 டிசம்பர் 25 அன்று அதே பழவேற்காட்டில் உல்லாசப் பயணிகளின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களினும் நாம் எவ்விதத்தில் விவேகிகள்? கரை சேர்ந்ததால் நம் மௌனம் குற்றமற்றதாகிவிடுமா? கரை சேர்த்தது இறையருள். நம் தீர்மானம் அன்று. அந்தப் படகோட்டிக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தனர். அவரிடம் நாம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.