இரண்டடித் தூரம்

கருவிகளில் ஒன்றை விரும்பி இன்னொன்றை ஒதுக்குவதில் நியாய அநியாயம் ஏதும் உண்டா என்பது கொஞ்ச காலமாக என்னைத் தொந்தரவு செய்துவரும் கேள்வி. ரசனை என்று சொல்லித் தப்பித்துவிடலாம். பித்தளை டம்ளரில் காப்பி குடிப்பவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. ஆனால் காமிரா விஷயத்தில் எதிரே இன்னொரு ஆள் நிற்கிறார். அவர் நிற்கிறார் என்பதாலேயே ரசனை என்ற பதில் போதாமல் போய்விடுகிறது.

என்னிடம் இருப்பது இண்டஸ்டார் 50-2 என்ற ரஷ்ய லென்ஸ். எழுபது கிராம் அளவில் எடை. உள்ளங்கையில் வைத்து மூடினால் வெளியே தெரியாது. சிங்காநல்லூர்ப் பக்கம் மில் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் கல்யாணம், சீர், இழவு என்று போட்டோ எடுத்துவந்த என் தாய்மாமன் வைத்திருந்த ஜெனிட்-இ காமிராவோடு வந்தது. காமிரா என்றைக்கோ செத்துவிட்டது. லென்ஸை ஒரு வளையத்தின் உதவியால் இன்றைய டிஜிட்டல் காமிராவில் மாட்டிக்கொள்கிறேன். அதில் மோட்டார் கிடையாது. துலக்கத்தைக் கையால் திருப்பித்தான் கொண்டுவர வேண்டும். துவாரத்தைச் சுருக்கும் வளையம் எந்த எண்ணிலும் 'டிக்' என்று நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும்.

இதன் உள்ளமைப்பு 1902-இல் ஸைஸ் கம்பெனியில் பால் ருடால்ஃப் உருவாக்கிய டெஸ்ஸாரின் வழி வந்தது. மூன்று தொகுதிகளில் நான்கு கண்ணாடிகள், அவ்வளவுதான். அதே ஸைஸ் 2013-இல் கொண்டுவந்த ஓட்டஸ் 55 மில்லிமீட்டரில் பத்துத் தொகுதிகளில் பன்னிரண்டு கண்ணாடிகள். எடை ஏறக்குறைய ஒரு கிலோ. இடைப்பட்ட நூற்றுப்பத்து வருஷங்களில் நடந்தது வெறும் ஊதிப் பெருத்தல் அல்ல. துவாரத்தை அகலத் திறந்தாலும் படத்தின் நான்கு மூலைகளும் நடுப்பகுதியைப் போலவே துல்லியமாக இருக்க வேண்டும், நிறங்கள் ஓரத்தில் பிரியக்கூடாது, கோடு வளையக்கூடாது என்று ஒவ்வொரு குறையாகத் திருத்திக்கொண்டே போனதில் கண்ணாடிகள் கூடின. பிற லென்ஸ்களில் தானே துலக்கம் தேடும் மோட்டாரும், கை நடுக்கத்தைச் சமன்செய்யும் பொறியும் வேறு சேர்ந்துகொண்டன. ஒவ்வொரு சேர்க்கைக்கும் காரணம் இருக்கிறது. பெரிய லென்ஸை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

கோவைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் செய்த ஊர் இது. பம்ப்செட்டும் வார்ப்படமும் தறியும் புதிதாக, வேகமாக, பெரிதாக ஆகிக்கொண்டிருப்பதுதான் இங்கே முன்னேற்றத்துக்கு அர்த்தம். பழைய மோட்டாரை அதன் பழமைக்காக ஒருவன் விரும்புகிறான் என்றால் அவனுக்குத் தோட்டமில்லை என்று பொருள்.

எனவே என் கவி நண்பர் ஒருவர், 'உங்களுக்கு இருப்பது வெறும் ஏக்கம். பழசுக்கு ஆத்மா இருக்கிறதென்று நம்புகிறீர்கள்' என்றபோது முதலில் அதைத்தான் பரிசீலித்தேன். சூரியனுக்கு எதிரே வைத்தால் இந்த லென்ஸ் படத்தின் மேல் வெளிறிய மூட்டமொன்றைப் படரவிடும். அதைப் பார்ப்பவர்கள் ஞாபகம்போல இருக்கிறது, கனவுபோல இருக்கிறது என்கிறார்கள். அது ஞாபகமும் அல்ல, கனவும் அல்ல. கண்ணாடிப் பரப்புகளுக்கு இடையே ஒளி முட்டித் திரும்புவதால் வரும் கோளாறு. இந்த லென்ஸ் தொழிற்சாலையில் ஏராளமாகச் செய்து தள்ளப்பட்ட மலிவுச் சரக்கு. அதைச் செய்தவர்கள் ஆத்மாவை உள்ளே வைத்து மூடவில்லை. குறையையே அழகாக்கி விற்பதற்கு இன்று ஒரு சந்தையும் இருக்கிறது. புதுக்கவிதையில் நாலு பழந்தமிழ்ச் சொற்களைத் தூவிவிட்டுக் காலத்தின் கனம் வந்துவிட்டதாகப் பாவனை செய்கிறோமே, அதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. அனுபவத்தில் இல்லாத ஆழத்தைக் கருவியிடம் கடன் வாங்குவது. இந்தக் காரணத்துக்காக நான் சிறிய லென்ஸை விரும்பினால் நண்பர் சொன்னது சரி.

என்னிடம் இரண்டாவது காரணம் ஒன்று இருந்தது. அதைத்தான் நேர்மையான காரணம் என்று நம்பியிருந்தேன். சிறிய லென்ஸ் யாரையும் மிரட்டுவதில்லை.

ஒருமுறை இன்னொரு நண்பரிடம் 70-200 ஜூம் லென்ஸை இரவல் வாங்கிக்கொண்டு ஆடி அமாவாசையன்று பேரூர் போனேன். ஒன்றரைக் கிலோ இருக்கும். நொய்யல் படித்துறையில் தலையை மழித்துக்கொண்டு தகப்பனாருக்குத் திதி கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் எள்ளும் தண்ணீரும் விடும் கையோடு நிமிர்ந்தார். முப்பதடி தள்ளி நின்ற என் கையிலிருந்த குழாயைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டார். நான் காமிராவை இறக்கிவிட்டேன். அதற்குப் பிறகு பெரிய லென்ஸைத் தொடவில்லை. அது ஆயுதம், இது கண் என்று எனக்குள் ஒரு வாக்கியம்கூடத் தயாராகிவிட்டது. அந்த வாக்கியத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சோமனூருக்குப் பக்கத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்குத் தெரிந்தவர் மூலம் போய்வந்துகொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு தறிகள். அந்தச் சத்தத்தில் பேச்சு சாத்தியமில்லை. உதட்டையும் கையையும் பார்த்தே எல்லாம் நடக்கும். மூலையில் ஓர் அம்மாள் தார் சுற்றிக்கொண்டிருந்தார். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையெல்லாம் பஞ்சு. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்திருந்தது. லென்ஸ் சின்னது, காமிராவும் சின்னது. நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டே எடுத்தேன். அவர் பார்க்கவில்லை. வேலையில் முழுக்க அமிழ்ந்துபோன முகம். நல்ல படம். ஒரு சிறு பத்திரிகை அதை அட்டையில் போட்டது. பார்த்தவர்கள் அதன் அந்தரங்கத்தைப் பாராட்டினார்கள். காமிரா இருப்பதே தெரியவில்லை என்றார்கள். அதுதான் பெரிய பாராட்டு என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

பத்திரிகையின் பிரதியொன்றை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்தால் சந்தோஷப்படுவார் என்ற நினைப்பு. மத்தியான இடைவேளையில் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வெகு நேரம் பார்த்தார்.

'ஏனுங் தம்பி, இது எப்பப் புடிச்சதுங்க?'

சொன்னேன்.

'பொண்ணக் கட்டிக் குடுத்த ஊட்ல நான் தறிக்குப் போறது தெரியாதுங்க. தோட்டந்தொரவு இருக்குதுன்னு சொல்லிக் கட்டிக் குடுத்தமுங்க. கேட்டிருந்தீங்கன்னா வேண்டாமுன்னு சொல்லியிருப்பனுங்க.' பிறகு கொஞ்சம் பொறுத்து, 'அதனாலதான் கேக்கலீங்களா?' என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால் பதில் சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று. சத்தத்தில் கேட்க முடியவில்லை என்று சொன்னேன். அது பொய். சைகையால் கேட்டிருக்கலாம். கேட்டால் முகம் மாறிவிடும் என்பதற்காகக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பேரூரில் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டவரை நினைத்தேன். அவரை நான் மிரட்டியது வாஸ்தவம். ஆனால் அந்தப் பெரிய லென்ஸ் அவருக்கு ஒரு தாக்கீது கொடுத்தது. பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததால் மறுக்க முடிந்தது. சிறிய லென்ஸ் இந்த அம்மாளுக்கு அந்த அவகாசத்தைத் தரவில்லை. மிரட்டாதது என்று நான் மெச்சிய குணத்தின் மறுபெயர், தெரியாமல் எடுக்க வசதியானது என்பதுதான்.

இந்த வசதிக்குக் கௌரவமான வரலாறு உண்டு. 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்காவும் அதன் சிறிய எல்மார் லென்ஸும் புகைப்படக்காரனைத் தெருவில் கண்ணுக்குத் தெரியாதவனாக ஆக்கின. கார்ட்டியே-பிரெஸ்ஸோன் தன் லைக்காவின் பளபளப்புத் தெரியாமலிருக்கக் கருப்பு நாடா ஒட்டிவைத்திருந்தார் என்பது பிரசித்தம். கண்ணில் படாமலிருப்பதுதான் உண்மைக்கு வழி என்பது ஒரு தலைமுறையின் நம்பிக்கை. ஆனால் அவரே 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களில் படமெடுத்தபோது அந்த ஒளிதல் தேவைப்பட்டிருக்குமா என்று யோசிக்கிறேன். அங்கே ஜனங்கள் வரிசையில் வந்து பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். தரிசனம் என்ற சொல்லிலேயே பார்க்கப்படுபவரின் சம்மதம் இருக்கிறது. பார்வை அங்கே கொடுக்கப்படுகிறது, எடுக்கப்படுவதில்லை. தறிக்கூடத்து அம்மாள் யாருக்கும் தரிசனம் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை.

அப்படியானால் பெரிய லென்ஸ்தான் யோக்கியமா? அதுவும் இல்லை. தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஒரு முகத்தைப் பறித்துக்கொள்ள அதனால் முடியும். பேரூரில் அவர் நிமிர்ந்திருக்காவிட்டால் நான் எடுத்துக்கொண்டுதான் வந்திருப்பேன். ஆனால் தூரமே மரியாதையாகும் இடங்களும் இருக்கின்றன. மா. கிருஷ்ணன் (1912-1996) முதுமலையில் வளர்ப்பு யானையின் முதுகில் உட்கார்ந்துகொண்டு கறுப்பு வெள்ளையில் காட்டு மிருகங்களைப் படமெடுத்தவர். வெவ்வேறு கம்பெனிகளின் பாகங்களைத் தானே ஒட்டுப்போட்டுச் செய்துகொண்ட பெரிய காமிராவுக்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று கேலிப்பெயர் வைத்திருந்தார். யானையிடம் அனுமதி கேட்க முடியாது. அதன் போக்கில் குறுக்கிடாத தூரத்தில் நிற்கத்தான் முடியும். அந்த இடத்தில் நீண்ட லென்ஸ் நாகரிகம். என் எழுபது கிராமை எடுத்துக்கொண்டு அங்கே கிட்டே போவது அநாகரிகம், முட்டாள்தனமும்கூட. ஆக, அளவு ஒரு விடை அல்ல. எவ்வளவு கிட்டே போகலாம், போவது எதிரிலிருப்பவருக்குத் தெரியுமா என்ற இரண்டு கேள்விகளுக்குப் பிறகுதான் லென்ஸின் அளவு வருகிறது.

மாமாவை இங்கே சொல்ல வேண்டும். இதே லென்ஸைத்தான் அவரும் வைத்திருந்தார். இழவு வீட்டில் பிணத்தை நாற்காலியில் சாத்திவைத்து, சுற்றிலும் குடும்பத்தார் நிற்க எடுக்கும் படங்கள் அவருக்கு நிறைய வரும். சின்ன வயதில் கூடப் போயிருக்கிறேன். காமிராவை உடனே வெளியே எடுக்க மாட்டார். வீட்டுப் பெரியவரிடம் போய்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, 'எடுக்கட்டுங்களா?' என்பார். பெரியவர் தலையாட்டின பிறகுதான் தோல்பையின் பொத்தானைக் கழற்றுவார். பிறகு லென்ஸை எல்லாரும் பார்க்கும்படி ஒருமுறை துடைப்பார். அழுதுகொண்டிருந்தவர்கள் முந்தானையைச் சரிசெய்துகொள்வார்கள். செத்தவரைக் கேட்க முடியாது. எனவே உயிரோடிருப்பவர்களைக் கேட்டார். ஊட்டியில் 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' சுருளில் முப்பத்தாறு படம். ஒன்றை வீணாக்கினாலும் கைக்காசு. அதனால் பொறுமையாக இருந்தார் என்று சொல்லலாம். ஆனால் சிக்கனம் மட்டும் ஒருவனைத் துண்டை இறக்கிக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லாது. அந்தப் படங்கள் எல்லாம் விறைப்பாக இருக்கும். நான் பிற்காலத்தில் அவற்றைக் கலை இல்லை என்று ஒதுக்கினேன்.

இப்போதும் சிறிய லென்ஸைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் காரணம் மாறிவிட்டது. இது அறுபத்தைந்து சென்டிமீட்டர், அதாவது இரண்டடிக்குச் சற்றுக் கூடுதலான தூரம்வரை கிட்டே போய் எடுக்கவிடும். ஒரு முகம் படத்தை நிறைக்க வேண்டுமானால் அவ்வளவு கிட்டே போயாக வேண்டும். இழுத்துக்கொள்ள ஜூம் கிடையாது. அது இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசும் தூரம். அங்கே போய்க் கையால் திருகித் துலக்கம் கொண்டுவருவதற்குள் எதிரே இருப்பவருக்கு வேண்டாம் என்று சொல்ல நேரம் இருக்கிறது. நான் நெஞ்சுக்கு நேராக ஒளித்து வைத்துக்கொள்ளாமல் இருந்தால் மட்டும். அந்த 'மட்டும்' லென்ஸில் இல்லை, என்னிடம் இருக்கிறது. கருவி ஒரு நடத்தையைச் சுலபமாக்கலாம். அந்த நடத்தையை நமக்காக அது செய்துவிடாது.

இதனால் பல படங்களை இழந்துவிட்டேன். கேட்ட கணத்தில் முகம் மாறிவிடுகிறது. தறிக்கூடத்து முகம் போன்ற ஒன்று எனக்கு மறுபடி கிடைக்கவில்லை. உங்கள் படங்கள் மாமா எடுத்த படங்கள்போல் ஆகிவருகின்றன என்கிறார் கவி நண்பர். இருக்கலாம். சம்மதத்தோடு கிடைக்கும் உண்மை, சம்மதமின்றிக் கிடைக்கும் உண்மையைவிடக் குறைவானதாக இருந்தால், அந்தக் குறையை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா? கலைக்காக ஏற்கக் கூடாது என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் வாதம் இல்லை. ஓர் அம்மாளின் கேள்விதான் இருக்கிறது.

இதைப் போட்டோக்காரனின் பிரச்சினையாக மட்டும் இந்தப் பக்கங்களின் வாசகர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். நாம் அத்தையைப் பற்றி எழுதுகிறோம், பக்கத்து வீட்டில் தூக்கு மாட்டிக்கொண்டவரைப் பற்றி எழுதுகிறோம். எழுதுகிறவனின் கண்ணைவிடச் சிறிய லென்ஸ் கிடையாது. அது யாரையும் நிமிர்ந்து பார்க்க வைப்பதில்லை. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்றிருக்கிறோம். இந்தக் கட்டுரையிலும் நான் அந்த அம்மாளின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதை எழுதியிருக்கிறேன், கேட்காமல்.

அந்தப் படத்தை அழித்துவிட வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு. இதுவரை அழிக்கவில்லை.